கண்ணாடி மேசைச் சீட்டாட்டம்

ஆலங்குளத்தில் பஸ் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி, தென்காசி வரும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் போக்கர் சீட்டாட்டம் பார்த்துக்கொண்டே வந்தாள். யார் கையில் என்ன சீட்டு என்பது பார்க்கிற நமக்குத் தெரிகிறது, எதிரே ஆடுகிறவருக்குத் தெரியாது. ‘இதை நாங்க அப்பவே செஞ்சோம்மா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெரிசு அளந்து விடுது என்று நினைப்பாளே என்று அடக்கிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன?

அப்போது நான் தென்காசியில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலின் ஒரே கேமராமேன். கல்யாண வீடு, கோயில் கொடை, சீசனில் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பது, இவைதான் எங்கள் நிகழ்ச்சிகள். முதலாளி கணேசன் அண்ணாச்சி ஏதோ வெளிநாட்டுச் சேனலில் போக்கர் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏலே, சும்மா ஆடுனா எவன் பாப்பான்? கைச்சீட்டக் காட்டணும்லே!”

ஆபீஸ் மேசையின் நடுவை அறுத்துக் கண்ணாடி பதித்தார். அதன்மேல் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஆட வேண்டும். முகங்களுக்கு ஸ்டாண்டில் ஒரு கேமரா. சீட்டுக்கு இன்னொன்று, மேசைக்கு அடியில், மல்லாந்து கிடந்த என் கையில். சாரல் நாளில் சிமென்ட் தரை எப்படி இருக்கும் என்று என் முதுகைத்தான் கேட்க வேண்டும். பந்தயம், புளியங்கொட்டை.

முதல் சனிக்கிழமை, நேரலை. பெயிண்ட் கடை செல்வராஜ் அண்ணாச்சி கையில் உருப்படியாக ஒரு சீட்டு இல்லை. ஆனாலும் இடது காதைத் தடவியபடி, பெரிய சீட்டு இருப்பதுபோல் புன்சிரிப்போடு கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளினார். மற்றவர்கள் பயந்து சீட்டைப் போட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு போன். நேயர் என்று ஸ்பீக்கரில் போட்டார் முதலாளி. பேசியது செல்வராஜ் அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா.

“வெறுங்கைய வச்சிக்கிட்டுக் காதத் தடவுதீயளே, நேத்து செங்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போனேன்னு சொல்லும்போதும் இப்படித்தான தடவுனீய? என்னைய விட்டுட்டுக் குத்தாலத்துல குளிச்சிட்டுத்தான வந்தீய?”

அண்ணாச்சியின் கை தானாகக் காதுக்குப் போனது.

“தடவாதீய!” என்றது ஸ்பீக்கர்.

அடுத்த வாரம் ஆடுவதற்கு ஆண்பிள்ளை ஒருவரும் வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் திடீரென்று சளி. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, எஸ்தர் அக்காவே பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“பொய் சொல்லுதது இவுகளுக்கு மட்டுந்தான் வருமாக்கும்?”

அன்று அக்காவுக்கு வந்ததெல்லாம் குப்பைச் சீட்டு. மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட முகம் அசையவில்லை. மேசையிலிருந்த கொட்டை முழுவதும் அக்கா மடியில். வெளி அறை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த செல்வராஜ் அண்ணாச்சி, ஆட்டம் முடிந்து நான் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்ததும் மெல்லக் கேட்டார்.

“ஏலே, அப்போ இத்தன வருசமா இவ எங்கிட்டச் சொன்னதுல எது நெசம்லே?”

பிறகு டிஷ் வந்தது, செல்போன் வந்தது, எங்கள் சேனல் போனது. ஒருவருடைய புளுகை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பார்த்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குபீரென்று எழுமே ஒரு சிரிப்பு, அதுவும் போனது. இப்போது பஸ்ஸில் எவனாவது போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால், கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்துகொள்கிறேன்.