புத்தகங்களைப் புதைக்கப் போன வழியில்

பிரெஞ்சு பேசும் அந்த நகரின் ஓரத்தில், இல்-பிசார் தீவின் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். 1986 ஒக்டோபர், வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. தோளில் ஒரு பை. எங்கள் ஊர்ச் சிவம் அண்ணையின் வீட்டு நிலவறையில் இரண்டு கிழமை இருந்தேன். ஊரிலிருந்து அவருடைய மாமியார் வந்து இறங்கியதும், அண்ணை வாய்திறக்க முன்னமே புறப்பட்டுவிட்டேன். பின்னேரத்துக்குள் படுக்க இடமும் ஒரு வேலையும் கிடைக்காவிட்டால் ரொறன்ரோவுக்கு இரவு பஸ். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது.

பாலத்தடியில் ஒரு வெள்ளை வான் நின்றது. ஓட்டுபவர் தலையை வெளியே நீட்டினார்.

"தமிழோ?"

"ஓம்."

"எங்க போறீர்?"

"வேலை இருக்கிற பக்கம்."

"அப்ப ஏறும். முதுகு நல்லா இருக்கோ?"

ஓட்டியவர் யோகன் அண்ணை, இணுவில்காரர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய முதலாளி லெவின். நகரில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் யூத முதியவர். பின்னால் பெட்டி பெட்டியாகக் கிழிந்த எபிரேயப் புத்தகங்கள். தீவில் ஒரு விதவையின் வீட்டிலிருந்து எடுத்து வருகிறார்களாம்.

"மயானத்துக்குக் கொண்டு போறம்," என்றார் யோகன் அண்ணை. "கடவுளின்ர பேர் உள்ள புத்தகம் நைஞ்சுபோனா இவையள் குப்பையில போடமாட்டினம். ஆளைப் போல புதைப்பினம். எங்களுக்குப் படுக்க இடமில்லை, புத்தகத்துக்கு நிலம் வாங்கி வைச்சிருக்கினம்."

நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறினோம். இரு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. லெவின் ஒரு புத்தகத்தை மடியில் வைத்து, நானூறு வருடங்களுக்கு முன் அந்த நூலை முதன்முதல் பிழைதிருத்தி அச்சேற்றிய ஐசாக் என்ற அறிஞரின் கதையைத் தொடங்கியிருந்தார். யோகன் அண்ணை தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஐசாக் ஸ்பெயினில் பிறந்தவர். பத்து வயதில், யூதர் எல்லோரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்று அரச கட்டளை வந்தது. கப்பலேறி நேப்பிள்சுக்குப் போனார்கள்.

"பேந்து?" என்றேன்.

அங்கிருந்தும் துரத்தினார்கள். ஃபுளோரன்சுக்கு நடை. அங்கே ஒரு கிறிஸ்தவப் பிரபுவின் வீட்டில் எபிரேயம் கற்பித்தார். மதம் மாறினால் பெரிய பதவி தருவதாகப் பிரபு சொன்னார். ஐசாக் மறுநாளே மூட்டையைக் கட்டிவிட்டார்.

"பேந்து?"

லெவின் சிரித்தார். பிறகு என்ன என்று நான் கேட்பது அவருக்கும் விளங்கிவிட்டது. வெனிசில் ஒரு அச்சகம், பிழைதிருத்தும் வேலை, முப்பது வருடம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒரு படிப்பாளியின் வாழ்க்கை இப்படி ஊர் ஊராக ஓடும் என்று அன்றுவரை நினைத்ததே இல்லை. முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி வைத்துக் கேட்டேன்.

மயானத்தில் தூறல் தொடங்கியிருந்தது. குழி முன்பே வெட்டியிருந்தது, ஆனால் கரை சரிந்து சேறு. நாங்கள் இருவரும் பெட்டிகளைச் சுமந்தோம். லெவின் குனிந்து ஒவ்வொரு புத்தகமாக உள்ளே அடுக்கினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. உதவி செய்வதாக நினைத்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: எரிக்கலாமே, ஐயா. கெதியில் முடியும். என் அப்பாவையும் நாங்கள் எரித்துத்தான் அனுப்பினோம்.

லெவினின் கை அப்படியே நின்றது.

"வாயை மூடும்," என்றார் யோகன் அண்ணை. "வேலைக்குக் கேப்பம் எண்டு இருந்தன், கெடுத்துப்போட்டீர்."

அடுத்த புத்தகத்தை அடுக்கிக்கொண்டே லெவின் கதையின் மிச்சத்தைச் சொன்னார். ஐசாக்குக்கு எழுபது வயதானபோது, அவர் திருத்திய நூல்களைப் பாப்பரசரின் கட்டளைப்படி வெனிஸ் சதுக்கத்தில் குவித்து எரித்தார்கள். அவர் கூட்டத்தில் நின்று பார்த்தார்.

எனக்கு முகம் சூடேறியது. யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்து ஐந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன. மின்விசிறிக் காற்றுக்கும் படப் பத்திரிகைக்கும் அங்கே போய் இருந்தவன் நான். விடியப் போய்ச் சாம்பலைப் பார்த்தவன். மனிதருக்கு நெருப்பு மரியாதை என்று வளர்ந்த வாய், யோசிக்காமல் புத்தகத்துக்கும் அதையே சொல்லிவிட்டது. இதை லெவினிடம் சொல்லச் சொன்னேன். யோகன் அண்ணை நெடுநேரம் சொன்னார்.

லெவின் என்னைப் பார்த்தார். ஐசாக் பிறகு ஒரு மாட்டு வண்டியில் கிரெமோனாவுக்குப் போனார் என்றார். அங்கே புதிதாக ஒரு அச்சகம் திறந்திருந்தது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி திருத்தத் தொடங்கினார்.

பிறகு ஏதோ கேட்டார்.

"வாசிக்கத் தெரியுமோ எண்டு கேக்கிறார்," என்றார் யோகன் அண்ணை.

"தமிழ் வாசிப்பன். இங்கிலீசு கொஞ்சம்."

"தாள் தூக்கத் தெரிஞ்சாக் காணுமாம். படுக்கைக்கு என்ர அறைக்கு வாரும். குறட்டை விட்டா வெளியிலதான்."

நாங்கள் மண்ணை இழுத்து மூடினோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அச்சகத்தில் வேலையில் சேர்ந்தேன். பழைய பெரிய நூல் ஏதாவது அச்சாகும் என்ற பரபரப்பில் கைகளை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு இயந்திரத்தடியில் நின்றேன். முதல் தாள் வெளியே வந்தது. பொரித்த கோழிக் கடை ஒன்றின் விலைப்பட்டியல், பிரெஞ்சில், மூவாயிரம் பிரதி.