விளக்குப் பிடிக்கிறவர்

பலெர்மோவுக்கு வந்த புதிதில் நான் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்து வீட்டில் வேலை செய்தேன். எங்கள் ஊர் அப்புக்காத்தைத்தான் இத்தாலியர் அவ்வொக்காத்தோ என்கிறார்கள் என்று தெரிந்தபோது, பாதி மொழி படித்து முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் வரிசை வாங்கில் இருப்பார். திங்கட்கிழமை சமையலறையில் என் இடுப்பில் கை வைத்தார். கையிலிருந்த தும்புத்தடியால் அவருடைய முழங்காலில் ஒன்று வைத்துவிட்டு வெளியே வந்தேன். மீதி மொழியை வேறு வீடுகளில் படித்தேன்.

அடுத்துக் கிடைத்தது ஒரேத்தோ பக்கம் ஒரு வீடு. கால் நடக்கமாட்டாத ஒரு வயதான சின்ஞோரா, கல்யாணம் கட்டாத ஐம்பது வயது மகன். சின்ஞோராவைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, சீப்பால் தலை இழுத்துவிடுவது என் வேலை. மகன் சினிமா டைரக்டர் என்று சொன்னார்கள். வீட்டு வேலை செய்பவளிடம் 'நீங்கள்' போட்டுக் கதைத்த முதல் இத்தாலியன் அவர்தான். என் கையில் வாசல் திறப்பையே, வீட்டுச் சாவியையே தந்தார். அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க என் பக்கம் ஒரு தப்பான பார்வை பார்த்ததில்லை. அவருடைய காலுறைகள் மட்டும் ஒரு நாளும் சோடியாக ஓரிடத்தில் இருந்ததில்லை.

எனக்கு அந்த வீடு அவசியம். என் புருஷனும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தார்கள். நான் வெளிக்கிடும்போது மகளுக்குப் பால்பல் விழவில்லை. இப்போது புதுப் பல் முளைத்துவிட்டதாம். அவர்களைக் கூப்பிடுவதென்றால் இங்கே இருக்க விடுகிற பெர்மெசோ இருந்தால் மட்டும் போதாது. வேலை தருகிறவர் என்னோடு குவெஸ்தூராவுக்கு, அதாவது வெளிநாட்டவர் காரியம் பார்க்கும் பொலிஸ் கந்தோருக்கு வந்து, இவளுக்கு வேலையும் உண்டு, இருக்க இடமும் உண்டு என்று சொல்ல வேண்டும். டைரக்டர் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். எப்போது என்பதுதான் கேள்வி. மனுஷனுக்கு அரசியல் வேறு இருந்தது.

ஒருநாள் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது சின்ஞோரா செபமாலையை உருட்டியபடி பெருமூச்சு விட்டார். மகன் எடுப்பதெல்லாம் 'லூச்சி றொஸ்ஸே' படங்கள், அவனுக்காக நீயும் உன் கடவுளிடம் கேள் என்றார். றொஸ்ஸோ என்றால் சிவப்பு. தக்காளி வாங்குகிறவளுக்கு அது தெரியாதா? லூச்சே என்றால் வெளிச்சம். கரண்ட் பில்லுக்கும் அதுதான் பெயர். சிவப்பு வெளிச்சப் படம். எங்கள் ஊரில் ஒரு ஆளைச் சிவப்பு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், இடதுசாரி. நான் சின்ஞோராவைத் தேற்றினேன். என் பெரியப்பாவும் சிவப்புத்தான், இளமையில் வீடு வாசல் பார்க்காமல் அதிலேயே திரிந்தவர், வயது போக எல்லாம் அடங்கி, கடைசிக்காலத்தில் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தாவாக இருந்தார் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். சின்ஞோரா திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தார். பெரியப்பாவின் மனைவி ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். அவவும் கூடவே போறவ, சில வேளை வீட்டிலும் கூட்டம் நடக்கும் என்றேன். சின்ஞோரா சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பல்லரோ சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கும் பெண்களுக்கு என் முதலாளி சிவப்புப் படம் எடுக்கிற தோழர் என்று சொல்லாத நாள் கிடையாது. எங்களுக்குள் உண்மையான தோழர் ஒருவர் இருந்தார். ஊரில் ஆசிரியர், இங்கே வங்கிக் கட்டடத்தில் நிலம் துடைக்கிறவர், நாங்கள் எல்லோரும் அவரைத் தோழர் அண்ணை என்போம். அவருக்குக் கண் கலங்கியது. சிவப்பு வெளிச்சம் என்றால் விடியல், இத்தாலியத் தொழிலாளி அதைக் கவிதையாகச் சொல்கிறான் என்று எனக்கே விளக்கம் தந்தார்.

டைரக்டரின் நடத்தையும் அதற்குத் தோதாகவே இருந்தது. கடதாசி இல்லாத வெளிநாட்டவருக்காகச் சதுக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தார். குதிரை வண்டிக் குதிரைகளுக்காகவும் ஒரு தடவை இருந்தார். மத்தியானம் சேட் மாற்ற என்று வீட்டுக்கு வந்து, மத்தி மீன் போட்ட பாஸ்தா ஒரு தட்டுச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பட்டினி கிடக்கப் போவார். உண்ணாவிரதத்தில் உயிர் போன ஊரிலிருந்து வந்தவள் நான். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆனாலும் தட்டைக் கழுவி வைத்தேன். எங்களுக்காக அரைப்பட்டினி கிடக்கவும் அந்த நகரத்தில் வேறு ஆள் இருக்கவில்லை.

பிறகு மாநகரசபைத் தேர்தலில் நின்றார். எங்களுக்கு வாக்கு இல்லை, கை இருந்தது. தோழர் அண்ணை தலைமையில் நாலைந்து பேர் பசை வாளியோடு கபோ சந்தைச் சுவர் முழுக்க அவருடைய முகத்தை ஒட்டினார்கள். அடுத்த நாள் காலையில் அண்ணை பெருமையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒவ்வொரு முகத்துக்குப் பக்கத்திலும் எதிராளிகள் ஒரு சினிமா நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெண். துணிப் பஞ்சம். கீழே பெரிய எழுத்தில் டைரக்டரின் பெயர். அதற்கு மேலே அதே இரண்டு சொல்: லூச்சி றொஸ்ஸே.

மீன் விற்கிறவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். தோழர் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, கிட்டப் போய் வாசித்தார். இது ஏகாதிபத்தியச் சதி என்றார். பிறகு திரும்பிப் பாராமல் நடந்தார். எனக்குப் பெரியப்பாவின் நினைவு வந்து, சின்ஞோராவின் சிலுவையும் நினைவு வந்து, நடுச்சந்தியில் காது சூடாகிப்போய் நின்றேன்.

அதற்குப் பிறகு சின்ஞோரா எனக்கு முழுக் கதையும் சொன்னார். மகன் முதலில் கல்யாண வீடுகளை எடுத்தவன். பெண்ணின் தகப்பனைத் திரும்ப ஒருக்கால் அழச்சொல்லி அடி வாங்கியவன். அடுத்து உல்லாசப் பயணிகளுக்காகக் கோயில், எலுமிச்சை, கழுதை. அதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பிறகுதான் சிவப்பு வெளிச்சம். முதல் படத்தை ஒரு நீதவான் தடை செய்ய, தடை நீங்கியதும் தியேட்டர் வாசலில் வரிசை நின்றது. தடை செய்கிறவர்களைத் திட்டுவதற்காக மேடை ஏறியவர், மேடை பிடித்துப்போய் இறங்காமல் நின்றுவிட்டார். உடல் உடையவருக்கே சொந்தம் என்பது அவருடைய கோஷம். என் இடுப்பு விஷயத்தில் நானும் அந்தக் கட்சிதான். அப்புக்காத்து வேறு கட்சி.

பலெர்மோவில் ஒருவர் தும்மினால் கொழும்பில் ஒருவர் தைலம் தேடுவார். அடுத்த முறை ரெலிபோன் கடையிலிருந்து எடுத்தபோது என் புருஷனின் குரல் மாறியிருந்தது.

"நீர் ஆர் வீட்டிலை வேலை செய்யிறீர் எண்டு இஞ்சை லொட்ஜ் முழுக்கக் கதைக்கினம். அந்த வீட்டை விட்டு வெளிக்கிடும். இல்லாட்டி நானும் வரமாட்டன், பிள்ளையையும் அனுப்பமாட்டன்."

அந்த வீட்டை விட்டால் குவெஸ்தூராவுக்கு வர ஆள் இல்லை. விடாவிட்டால் பிள்ளை இல்லை. கடைக்காரன் அடுத்த ஆளைக் கூப்பிடும்வரை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அழுதேன்.

இது போதாதென்று எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் என்னை விசாரணைக்கு எடுத்தார்கள். சங்கத் தலைவர் பல்லரோவில் தமிழ்ப்படக் கசற் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் பண்பாட்டுக்கு அவரிடம்தான் திறப்பு இருந்தது. பெண்பிள்ளைகளின் பாவாடை நீளம்கூட அவர் கண் அளவுதான். சேர்ச்சுக்குப் பக்கத்து மண்டபத்தில், தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன் அவர் எழும்பினார். இந்தத் தங்கச்சி எங்கள் எல்லோருடைய மானத்தையும் வாங்குகிறா, உடனே அந்த வேலையை விட வேண்டும் என்றார். அந்த மனுஷன் எடுப்பது சிவப்புமில்லை, மஞ்சளுமில்லை, வெறும் அசிங்கம் என்றார். கைதட்டல் கிடைத்ததும் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"அந்தாளின்ரை படம் ஒண்டிலையும் கதையெண்டு ஒரு சாமான் கிடையாது."

நான் எழும்பினேன். மகளின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"ஒண்டிலையும் இல்லையோ அண்ணை? அந்த வீட்டிலை இருக்கிற நானே ஒரு படமும் பாக்கேல்லை. நீங்கள் என்ன, விளக்குப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்களோ?"

அடுத்த வீட்டு அந்தரங்கத்தை அளக்கிறவர்களிடம் எங்கள் பெண்கள் வழமையாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் ஒலிபெருக்கி வைத்த மண்டபத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை. தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலைவரைப் பார்த்தா. மற்ற ஆண்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி தங்களுக்கு என்று தெரியும். பின்வரிசையில் பெண்கள் சிரிக்கத் தொடங்க, தோழர் அண்ணை எழும்பி, அடுத்த விஷயத்துக்குப் போவோம் என்றார். தேத்தண்ணி வந்தது.

தேர்தலில் டைரக்டர் தோற்றார். கபோவில் அவரைக் கண்டு கண் சிமிட்டாத ஆம்பிளை இல்லை, வாக்குப் பெட்டிக்கு முன்னால் மட்டும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தோற்ற வாரமே, நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி, கோட்டும் சிவப்பு ரையும் கட்டிக்கொண்டு என்னைக் குவெஸ்தூராவுக்குக் கூட்டிப்போனார். எத்தனையோ தடவை என்னை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று துரத்திய கவுண்டர்காரன் எழும்பிக் கதிரை தந்தான். உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் வந்து டைரக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்தது எப்போது என்று மெல்லக் கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. டைரக்டர் அதைக் காதில் வாங்காமல், இந்தப் பெண் என் தாயைத் தன் தாயைப் போலப் பார்க்கிறவர், என் வீடு அவருடைய குடும்பத்துக்கும் வீடு என்றார். மேடையில் கத்திய ஆளா இது என்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை நான் மறைக்கவில்லை.

விசா கிடைத்ததும் என் புருஷனுடைய மானம் கொழும்பு லொட்ஜிலேயே தங்கிவிட்டது போல. மனுஷன் இரண்டு சூட்கேசோடும் மகளோடும் வந்து இறங்கினார். மகள் தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் கிட்டப் போகப் போக அவள் பின்னால் போனாள். எயாப்போட்டில் அவளைத் தூக்க முடியாமல் அவளுடைய பையைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். சில நாளில் அம்மா என்றாள்.

கொஞ்ச நாளில் பின்னால் வந்த விமானத்தில் மானமும் வந்து சேர்ந்தது. அந்த வீட்டுக்கு இனிப் போகக்கூடாது என்றார் இவர். இப்போதுதான் என்னோடு ஒட்டத் தொடங்கிய பிள்ளைக்கு முன்னால் சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு மாடிப்படி கழுவப் போனேன். சின்ஞோரா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

இவருக்கு மொழி வரவில்லை, வேலையும் வரவில்லை. மாதக்கணக்காக வீட்டில் இருந்துவிட்டு, ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்தார். சங்கத் தலைவர் வேலை எடுத்துத் தந்திருக்கிறாராம். கமரா லைற் சம்பந்தப்பட்டதாம், தொழில்நுட்பமாம். எங்கே என்று கேட்டால் ஸ்ரூடியோ என்பார். சங்கத்தில் எல்லோரும் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள்.

ஒரு பின்னேரம் சின்ஞோராவைப் பார்க்கப் போனேன். உன் புருஷனுக்குக் கை நடுங்குவதே இல்லையாம், எவ்வளவு நேரமென்றாலும் விளக்கை அசையாமல் பிடிக்கிறாராம், என் மகன் ஒரே புகழ்ச்சி என்றார். நான் சிரித்த சிரிப்பில் சின்ஞோராவுக்குப் பயம் வந்துவிட்டது. சிரித்து முடிய வேறு ஒன்று வந்தது. நான் அந்த வீட்டில் ஒரு கிழவிக்குத் தலை இழுத்தால் குடும்ப மானம் போகிறது. இவர் அங்கே நின்று வெளிச்சம் காட்டினால் அது தொழில்நுட்பம்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கேட்டாள். இரவுச் சாப்பாட்டில், பள்ளிக்கூட மயெஸ்த்ரா ஒவ்வொருவருடைய அப்பாவும் என்ன வேலை என்று எழுதிவரச் சொன்னவ, அப்பாவுக்கு என்ன எழுதுவது என்றாள். இவர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

"அப்பா விளக்குப் பிடிக்கிறவர் எண்டு எழுதுங்கோ பிள்ளை."

இத்தாலியனில் எலெத்ரிச்சிஸ்தா என்று போடட்டோ என்று கேட்டாள். போடச் சொன்னேன். இவர் தலை நிமிராமல் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை நான் சின்ஞோராவுக்குத் தலை இழுக்க ஒரேத்தோவுக்குப் பஸ் எடுக்க வெளிக்கிட்டேன். எங்கை போறீர் என்று இவர் கேட்கவில்லை.