தேசிக்காய் வைக்கக் குனிந்தபோது

லின்ஃபீல்டில் வசிக்கும் எங்களுக்கு, கோடை விடுமுறையில் கேரவன் இழுத்துப்போக ஒரு பெரிய எஸ்.யூ.வி. தேவைப்பட்டது. பழையதாகத்தான் பார்த்தோம். கேரவனைக் கொழுவும் டோபார் ஏற்கெனவே பூட்டியிருந்தது. மீன்பிடிப் படகு மட்டும்தான் இழுத்ததாக, விற்றவர் பெருமையாகச் சொன்னார். நாங்கள் எஞ்சினையும் ஏழு சீட்டையும் ஏசியையும் பார்த்துவிட்டு வாங்கிவிட்டோம்.

மறுநாள் காலை, முதல் ஓட்டத்துக்கு முன் டயர்களுக்கு அடியில், கண்ணூறு படாமல் நசுக்கிப் போக, தேசிக்காய் என்ற எலுமிச்சை வைத்தேன். பின் டயருக்குக் குனிந்தபோதுதான் டோபாரைத் தாங்கும் இரும்பு கண்ணில் பட்டது. துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. முன்பக்கத்தையும் குனிந்து பார்த்தேன். அங்கே சுத்தமாக இருந்தது.

"இஞ்ச வந்து பாருங்கோ. ஏன் பின்னுக்கு மட்டும் கறள்?" என்று கணவரைக் கேட்டேன்.

"பழைய வாகனமெண்டால் கறள் இருக்கும்தானே" என்றார் அவர்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அன்று பின்னேரம் பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் நடந்தபோது, ஒருவர் படகை இறக்குவதற்காக வாகனத்தை ரிவர்ஸில் கடலுக்குள் விட்டார். பின் டயர்கள் உப்புத் தண்ணீரில் நின்றன. முன் டயர்கள் நனையவே இல்லை. "எங்கட வாகனமும் இப்பிடித்தானே படகு இறக்கியிருக்கும்" என்றேன்.

கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம், நாளைக்கு கராஜில காட்டுவம்" என்றார்.

கராஜில் சுத்தியலால் தட்டியதும் அந்த இரும்பில் ஓட்டை விழுந்தது. அதில் கேரவனைக் கொழுவி, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மோட்டர்வேயில் போக இருந்தோம்.

இப்போதும் தேசிக்காய் வைக்கிறேன். குனிந்து பார்ப்பதை மட்டும் காசு கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுகிறேன்.