விமானம் ஏறும் வெண்டைக்காய்

காய்கறி ஏற்றுமதி செய்பவனுக்கு மழை வந்தாலும் பயம், வெயில் அடித்தாலும் பயம், போன் மணி அடித்தால் எல்லாவற்றையும்விடப் பயம். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றி விளையும் வெண்டைக்காயை வாங்கி, தரம் பிரித்து, துபாய்க்கு அனுப்புகிறேன்.

நெளிந்தது என்ன?

சென்னை விமான நிலையத்தில் சோதனை அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்தார். ஒரு புழு கண்ணில் பட்டால் போதும், மொத்தச் சரக்கும் திரும்பிவிடும். காய்களுக்கு நடுவே சிவப்பாக ஏதோ நெளிந்தது. அவர் குச்சியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எங்களிடம் காய் அடுக்கும் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது. யார் புடவையிலோ ஒட்டி வந்த இழை, மின்விசிறிக் காற்றில் ஆடியிருக்கிறது.

"புழு இல்லைங்க, பட்டு. அடுத்த தபா இதுக்கும் சேர்த்து சர்டிபிகேட் வாங்கிக்குங்க."

பக்கத்துக் கொல்லை

எனக்குக் காய் தரும் விவசாயி, ஓரிக்கை கிராமத்து முனுசாமி, தன் பயிருக்கு மருந்தே அடிக்க மாட்டார். அவர் காயிலேயே பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருப்பதாக ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பதறி ஓடினேன். பக்கத்துக் கொல்லையில் கத்தரிக்கு அடித்த மருந்து காற்றோடு வந்திருக்கிறது. முனுசாமி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளை, சரக்கு துபாய் போகவில்லை என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அங்க இருக்கிறவங்க திங்கக்கூடாதுன்னா, நேத்து நம்ம புள்ளைங்க தின்ன பொரியல் எந்தக் கொல்லைக் காய்?"

வானம்

துபாயில் என்னிடம் காய் வாங்குபவர் ரஃபி பாய்; பூர்வீகம் நம்ம ஊர்தான். அந்தப் பக்கம் சண்டை மூண்டு விமானங்கள் நின்றபோது, என் பெட்டிகள் கிடங்கில் வெந்துகொண்டிருந்தன. அவருக்குப் போன் போட்டு, வேறு விமானம் உண்டா, வேறு ஊர் வழியாக அனுப்பலாமா என்று மூச்சுவிடாமல் கேட்டேன். போனில், தூரத்தில் ஏதோ அதிர்ந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. அப்புறம்தான் அவர் குரல் வந்தது, கிசுகிசுப்பாக.

"காய் கெடக்கட்டும்பா. இன்னிக்கு வானத்துல வேற என்னமோ பறந்துக்கினு இருக்குது."

மறுநாள்

பாய் குடும்பம் பத்திரம் என்று காலையில் தகவல் வந்தது. பெட்டிகள் அழுகிவிட்டன. முனுசாமிக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் பறிக்காதீர்கள் என்றேன். ஒரு நாள் விட்டாலே முற்றிவிடும் காய் அது.

"சண்டை முடியிற வரிக்கும் முத்தாம இருன்னு வெண்டைக்காய்கிட்ட யாருப்பா சொல்றது?"

மற்றபடி நல்ல தொழில்தான். பயப்படுவதற்கு மட்டும் தனியாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.