ஒரு கருவி, இரண்டு கட்டில்

காலை ஒன்பது இருபதுக்குச் செய்தி வந்தது. சேலத்தில் மருத்துவமனைக்கு வெளியே நின்றிருந்தேன். செவிலியர் வந்து என் மனைவியின் பெயரைச் சொன்னார். உயிர் பிரிந்துவிட்டது என்றார். பூங்கொடிக்கு வயது முப்பத்தொன்று.

குமாரபாளையத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் கற்பித்தவர். கேள்வி கேட்பதில் அவருக்குத் தீராத ஆசை. நான் மருத்துவக் கருவிகள் பழுதுபார்ப்பவன். பெண் பார்க்கப் போன அன்றே, "எந்த மிஷினு நின்னா ஆளு செத்துருவாங்க?" என்று கேட்டார். என் அம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

கொரோனாவின் முதல் அலை ஓய்ந்தபோது ஆய்வுக்காக ஒரே கேள்வியோடு ஊர் ஊராகப் போனார். மூச்சுத் திணறுவோர் இருவர், ஆக்சிஜன் ஒருவருக்குத்தான் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது?

விசைத்தறிக் கூடத்தில் ஒருவர், "புள்ளகுட்டிக்காரனுக்குக் குடுங்க" என்றார். பக்கத்துத் தறிக்காரர் எகிறினார்: "எனக்குப் பொண்ணுந்தான் குடுக்கல, காத்துங் குடுக்க மாட்டீங்களா?"

திருச்செங்கோட்டுப் பக்கம் கூட்டுக் கிணற்றில் பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அங்கே பலரும் சொன்ன பதில் ஒன்றுதான். "கெணத்துத் தண்ணியாட்ட முறை வெச்சுக்கலாமுங்க. கொஞ்ச நேரம் அவரு, கொஞ்ச நேரம் இவரு."

நான் சிரித்தேன். "நுரையீரல் என்ன சோளக்காடா, நாளைக்குப் பாச்சிக்கலாம்னு விட?"

"சிரிக்காதீங்க மாமா. ஒருத்தரச் சாவ விடுங்கன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வரல. அது ஏன்னுதான் பாக்கோணும்."

இரண்டாம் அலையில் அவருக்கே தொற்று வந்தது. பெரிய மருத்துவமனையில் இடமில்லை. பள்ளிக்கூடத்தில் அமைத்திருந்த சிகிச்சை மையத்தில் படுத்திருந்தார். ஒரு ஆக்சிஜன் கருவி, இரண்டு கட்டில். அடுத்த கட்டிலில் மேச்சேரியில் ஆடு வளர்க்கும் ராமாயி அம்மா. கருவியை நானே சோதித்தேன். ஒருவருக்கே அது போதாது.

"நீயே வெச்சுக்க கண்ணு. கழட்டிராத" என்றேன் பூங்கொடியிடம்.

"செரிங்க."

இரண்டு நாள் கழித்துச் சேலத்தில் இடம் கிடைத்தது. அங்கே நான்காம் நாள் போய்விட்டார்.

மையத்துச் செவிலியர் பிறகுதான் சொன்னார். நான் வெளியேறியதும் பூங்கொடி கருவியை அடுத்த கட்டிலுக்கு மாற்றச் சொல்வாராம். "இப்ப உங்க முறைங்க ஆத்தா" என்பாராம். ஒரு மணி நேரம் ஆனதும் அந்த அம்மாவும் தவறாமல் திருப்பிக் கொடுப்பாராம்.

"அதனாலதான் போயிட்டாங்கன்னு சொல்ல முடியாது" என்றார் சேலத்து மருத்துவர்.

"அதனால இல்லைன்னும் சொல்ல முடியாதுங்களா?"

கருவி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தரும் என்று எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் சொன்னது சரி என்று நம்பிப் பூங்கொடி செய்தாரா, அவர்களைப் போலவே இவருக்கும் வாய் வரவில்லையா? கேட்டிருந்தால் என்னையே திருப்பிக் கேட்டிருப்பார்.

ராமாயி அம்மா பிழைத்து ஊர் திரும்பிவிட்டார். அவருக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. தினமும் பூங்கொடியைக் கேட்டு என்னைப் போனில் அழைக்கிறார்.

"சாமி, எம்புள்ள எப்புடி இருக்குது? ஒருக்காப் பேசச் சொல்லு."

முதல் நாள், "தூங்குதுங்க ஆத்தா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

பூங்கொடி, அவருடைய மூச்சில் பாதி நீ விட்டுக் கொடுத்தது. அதை அவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா? நீயாக இருந்தால் தயங்காமல் அவரிடமே கேட்டிருப்பாய். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நிம்மதியாகப் போ, கண்ணு. இன்று காலை அவர் மூன்று முறை அழைத்தார். போனை அணைத்து வைத்துவிட்டேன்.