அப்பா தோற்ற சீனப் போர்

லண்டன் மனோர் பார்க்கில் நாங்கள் இருந்த வீட்டின் முன்னறையில், ஒரு திங்கட்கிழமை பின்னேரம், சீனாவின் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்தது. நடத்திவைத்தவன் நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வகுப்பில் ஆளுக்கொரு நாடு. குலுக்கலில் எனக்குச் சீனா விழுந்தது. அங்கே கம்யூனிஸ்டுகள் எப்படி ஆட்சிக்கு வந்தார்கள் என்று மறுநாள் தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். போன தவணை இப்படி எழும்பி நின்று, ஒரு சொல்லும் வராமல், பிள்ளைகள் சிரிக்க அழுதவன் நான். இந்த முறையும் அப்படி நடந்தால் பள்ளிக்கூடப் பக்கமே போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். வீட்டில் அதற்கு மேல் படித்தவன் நான் ஒருவன்தான்.

"முதல் எங்களுக்கு விளங்கப்படுத்து. எங்களுக்கு விளங்கினா வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கும் விளங்கும்" என்றார்.

அம்மாவின் தம்பியான மாமா சிவப்புப் பனியன் போட்டிருந்ததால் சிவப்புப் படைக்குத் தலைவரானார். அப்பா அரசாங்கம், தேசியக் கட்சிப் படை. அரசாங்கம் துரத்த, சிவப்புப் படை நெடும்பயணம் போக வேண்டும். மாமா கதிரைகளைச் சுற்றி, குசினிக்குள் புகுந்து, மாடிப்படி ஏறி இறங்கி ஓடினார். பின்னால் அப்பா, வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு.

சத்தம் தாங்காமல், மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அன்ரி இறங்கி வந்தார். "என்ன கூத்து இது? இஞ்சை மனிசர் இருக்கிறதில்லையோ?"

அப்பாவும் மாமாவும் உடனே பக்கத்தில் பக்கத்தில் நின்று கைகட்டினார்கள்.

"இதுதான் ஜப்பான்!" என்று கத்தினேன். "ஜப்பான் படையெடுத்து வரேக்கை ரெண்டு பக்கமும் சேர்ந்திட்டினம்!"

"அப்ப நான் தோக்க வேணுமோ?" என்று கேட்ட அன்ரி, சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஜப்பான் தோற்றதும் பழைய சண்டை மறுபடி தொடங்கியது. சீனாவில் விவசாயிகள் கோடிக்கணக்கில். எங்களுக்கு அம்மா ஒருவர்தான். அவர் சுட்டுவைத்த வடையில் அரசாங்கம் கேட்காமலே இரண்டை எடுத்தது. மாமாவோ, "அக்கா, ஒண்டு எடுக்கலாமோ?" என்று கேட்டுவிட்டு, படியில் ஏறி முழங்கினார்: "உழுகிறவனுக்கே நிலம்! சமைக்கிறவைக்கே குசினி!"

அம்மா வடைத் தட்டோடு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"தம்பிக்காரன் எண்டு அங்கை போறீரோ?" என்றார் அப்பா.

"இல்லையப்பா. அவன் கேட்டெல்லோ எடுத்தவன்."

அரசாங்கம் கவிழ்ந்தது. தோற்றவர்கள் கடல் கடந்து தாய்வான் தீவுக்குப் போக வேண்டும் என்றேன். யன்னலோரம் கிடந்த செற்றி, அந்த நீளச் சோபாதான் தீவு. அப்பா அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கிக்கொண்டு செற்றியில் ஏறினார். ஊரை விட்டு லண்டன் வந்த நாளிலிருந்து அந்தச் சூட்கேசில் பாதிச் சாமான் வெளியே எடுக்கப்படாமலே கிடந்தது. மாமா கதிரையில் நின்று மக்கள் குடியரசைப் பிரகடனம் செய்ய, ஜப்பான் கைதட்டியது.

"அத்தான், அங்கை இருந்து என்ன செய்யப் போறியள்?"

"நான் சும்மா கொஞ்ச நாளைக்கு வந்தனான். வாற வருசம் திரும்பிப் போயிடுவன்" என்றார் அப்பா, சூட்கேசை மடியில் வைத்தபடி.

"அதை ஒருக்கா வெறுமையாக்கினா பிள்ளையின்ரை புத்தகமாவது வைக்கலாம்" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் கதிரை, படி, வடை எல்லாம் கண்ணுக்குள் ஓட, ஒரு தடக்கலும் இல்லாமல் சொல்லி முடித்தேன். தீவுக்குப் போனவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஆசிரியை கேட்டார்.

"அடுத்த வருடம் திரும்பலாம் என்று நினைத்திருப்பார்கள். அதனால் சூட்கேசில் பாதியை எடுக்கவே மாட்டார்கள்" என்றேன்.

அதை எந்தப் புத்தகத்தில் வாசித்தாய் என்று கேட்டார். அப்பா சொன்னார் என்றேன். வகுப்பே கைதட்டியது.

பெருமை தாங்காமல் வீடுவரை ஓடினேன். மூன்றாம் வகுப்புப் படித்த அப்பா, நான் சொல்லாத அந்தச் சீனச் சரித்திரத்தை எங்கே கற்றார் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை.