ரப்பர் தேய்ந்த பென்சில்

அக்காவின் பென்சில் என் மேசையில்தான் கிடக்கிறது. பின்பக்க ரப்பர் தேய்ந்து, தகரம் மட்டும் மிச்சம். மலாக்காவில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அவர்தான் அப்போது பொறுப்பு. மாதாமாதம் எங்கள் வேலை அட்டவணையை அந்தப் பென்சிலால் போடுவார்.

நோன்புப் பெருநாளுக்குத் தமிழர்கள் நாங்கள் டூட்டிக்கு நிற்போம்; தீபாவளிக்கு மலாய்த் தோழிகள் நிற்பார்கள். இது எங்கள் வழக்கம். புதியவர்கள் மெஷினைக் கற்றுக்கொண்ட கையோடு சிங்கப்பூருக்குப் பறந்துவிட, ஆள் குறைந்துகொண்டே போனது. விழுந்த ஓட்டைகளையெல்லாம் அக்கா தன் பெயரை எழுதி அடைத்தார். பக்கத்துச் செலண்டார் ஊர்க்காரர், கிறிஸ்துவர். இரண்டு பெருநாளும் அவருடையவையல்ல என்பது எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! டிசம்பரில் அவருக்கு யார் நிற்பது என்று ஒருத்தியும் கேட்டதில்லை, நான் உட்பட. மேலிடமோ, "உங்களை விட்டா யாரு இருக்கா?" என்று புகழ்ந்து புகழ்ந்தே வேலை வாங்கியது.

ஒரே ஒரு தடவை அவராகக் கேட்டார். "அம்மாவுக்கு ரொம்ப முடியல. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது கூட இருக்கணும் லா. நீ நிக்கிறியா?"

"நிக்கிறேன்கா."

தன் பெயரை அழித்து என் பெயரை எழுதினார்.

அதற்குமுன் தொடர்ந்து ஒன்பது நாள் வேலை செய்திருந்தேன். கிறிஸ்துமஸ் காலையில், பாயா ரும்புட்டில் இருக்கும் என் வீட்டில், சீருடையின் பொத்தானைப் போட உட்கார்ந்தவளுக்கு எழவே முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்து, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். நோயாளிகளின் ரத்தச் சுத்திகரிப்பைத் தள்ளிப்போட முடியாது. அம்மாவை மாதா கோயில் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, பட்டுப்புடவையோடு அக்கா வந்தாராம்.

மறுநாள், "காய்ச்சல் விட்டிருச்சா?" என்று மட்டும் கேட்டு, டிஷ்யூவில் சுற்றிய கேக்கை நீட்டினார். சாமான் அறையில் தனியாக நின்று அதை விழுங்கினேன். அவர் அம்மா அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்கவில்லை. காரியம் முடிந்த சில வாரங்களில் அக்காவும் வேலையை விட்டார். பென்சிலை என்னிடம் கொடுத்தபோது, "யாரு மேலயும் கோவம் இல்லடா. அசந்துட்டேன்" என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பென்சிலை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

இப்போது அட்டவணை போடுவது நான். கூடச் சிரிக்கவோ சாப்பிடவோ அந்தப் பழைய கூட்டத்தில் யாருமில்லை. இன்று காலை ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, காய்ச்சல்."

அந்தக் குரலில் காய்ச்சல் இல்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று அக்காவுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

"சரிம்மா, நல்லா தூங்கு" என்றேன். அழிக்க ரப்பர் இல்லாததால், அவள் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.